மண் போன வழி

ஹுமைராவுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கனவு வரும். கண்ணை மூடித் தூங்கினால்தான் கனவு என்பதெல்லாம் மற்றவர்களுக்கு. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலேறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் போதும், கவரைப்பேட்டை வருவதற்குள் ஆள் வேறெங்கோ போய்விடுவாள். கண் என்னவோ திறந்தேதான் இருக்கும். பழவேற்காட்டில் வலைநூலும் தோணிக்கயிறும் விற்கிற கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீ அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அவளுடைய உம்மா திட்டித் திட்டி ஓய்ந்துபோய், இவளைக் கட்டிக்கொள்கிறவன் பொறுமைசாலியாக இருக்கட்டும் என்று துஆ செய்வதோடு நிறுத்திக்கொண்டார். அது பலித்தது. அஃப்தாப் பொறுமைசாலிதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் பாதி கனவாகவே இருந்தது. உலகம் முழுவதிலும் மழை வருஷத்துக்கு எவ்வளவு மண்ணைக் கரைத்துக்கொண்டு போகிறது என்று கணக்கிடுகிற ஆராய்ச்சி. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்தார்கள். சென்னையில் அதில் ஒரு பங்கை டாக்டர் ஆரோக்கியமேரி பார்த்தார், ஹுமைரா அவருக்கு உதவியாளர். பூமியை எடுத்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக் கம்ப்யூட்டரில் பரப்பி வைத்திருந்தார்கள், மிட்டாய்க் கடையில் பர்ஃபி வெட்டி வைத்த தட்டு மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் சில கேள்விகள். மழை எவ்வளவு வேகமாக அடிக்கிறது? மண் எவ்வளவு பொலபொலப்பு? தரை எவ்வளவு சரிவு? மேலே மூடியிருப்பது காடா, பயிரா, கட்டடமா? மனுஷன் வரப்பு கிரப்பு போட்டுத் தடுத்து வைத்திருக்கிறானா? எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பெருக்கினால், போகிற மண்.

காடு என்றிருந்த கட்டத்தைப் பயிர் என்று மாற்றினால் எண் குபீரென்று ஏறும். பயிர் என்றிருந்ததைக் கட்டடம் என்று மாற்றினால் பூஜ்யம். சிமெண்டை மழை கரைக்காது அல்லவா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை வளர வளர அங்குள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாகிக்கொண்டு வந்தன. படத்தில் பூஜ்யத்துக்குப் பச்சை நிறம். புகை கக்குகிற உருக்காலைகளெல்லாம் வாழைத்தோப்பு போலப் பச்சைப்பசேலென்று கிடப்பதைப் பார்த்துவிட்டு அஃப்தாப் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் அங்கேதான் ஒரு கம்பி ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.

ஹுமைராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தப் படத்துக்குள் இறங்கிப் போய்விடுவாள். சாயங்கால ரயிலில் மீஞ்சூர் தாண்டியதும் தொடங்கும். உலகத்தின் மண்ணெல்லாம் மெதுவாக எழுந்து நடக்கிறது. மலைச் சரிவிலிருந்து இறங்குகிறது, சோளக் கொல்லையிலிருந்து நழுவுகிறது, ஆற்றில் குனிந்து ஏறிக்கொள்கிறது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஓசையில்லாமல், கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் எல்லா மண்ணும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் தன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து ஆறுதலாக மூச்சு விடுகிறது. அந்த இடம் வந்ததும் யாராவது தோளைத் தட்டி, கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது, இறங்கவில்லையா என்று கேட்பார்கள்.

அவளுக்கு இன்னொரு கனவும் உண்டு. அது உலகத்தைப் பற்றியதல்ல, வீட்டைப் பற்றியது. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருந்தது கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளத்துத் தெருவில், வாடகைக்கு ஒற்றை அறை. ஐப்பசி பிறந்தால் சாக்கடையும் மழையும் கைகோத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். அடுப்பு, அரிசி, துணி, மகள் ஷஹனாஸ் எல்லாரும் கட்டில் மேல். போன மழையில் குழந்தை கட்டிலிலிருந்து வழுக்கி அந்தத் தண்ணீரில் விழுந்தாள். தூக்கி எடுப்பதற்குள் ஹுமைராவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்னொரு ஐப்பசியை இந்த அறையில் பார்ப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். கவரைப்பேட்டையில் ஒரு மனை வாங்கினார்கள். அதுவும் பள்ளம்தான். நிறைய மண் கொட்டி மேடாக்கி, மழைக்கு முன் அடித்தளம் போட்டுவிட வேண்டும். அவள் கனவில் அந்த வீட்டுக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் இருந்தது. தரை எப்போதும் காய்ந்திருந்தது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மாசி மாதம். கம்ப்யூட்டர் சொல்வது நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று சில நிலங்களில் நேரில் அளந்து பார்க்கச் சொன்னார் ஆரோக்கியமேரி. அளக்கிற விதம் எளிது. இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்கி, மண் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வைப்பது. மழைக்குப் பிறகு கோட்டுக்குக் கீழே எவ்வளவு கம்பி தெரிகிறதோ அவ்வளவு மண் போயிருக்கிறது. ஹுமைரா எளாவூர்ப் பக்கம் ஒரு கழனியைத் தேர்ந்தெடுத்தாள். அறுவடை முடிந்து சும்மா கிடந்த கழனி. உடையவர்கள் குணாவும் அவன் மனைவி ஜோதிலட்சுமியும். கம்பிகளை அஃப்தாப் தன் ஆலையில் கழித்துப் போட்ட துண்டுகளிலிருந்து வெட்டிக் கொடுத்தான். முனைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, அரத்தால் கோடும் இழுத்துத் தந்தான்.

குணா கம்பிகளை அடித்து இறக்கினான். ஜோதிலட்சுமி வரப்பில் நின்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இந்தக் கம்பியெல்லாம் கழனிக்கு ஊசி போடுவதா என்று கேட்டாள். ஹுமைரா சிரித்துவிட்டு, இல்லை, காய்ச்சல் பார்ப்பது என்றாள். அன்றைக்கே இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. கிளம்பும்போது ஜோதிலட்சுமி முறத்தில் வேர்க்கடலை கொண்டுவந்து ஹுமைராவின் பையில் கொட்டினாள். குணாவின் செல்போன் எண்ணை வாங்கிக்கொண்ட ஹுமைரா, மண் ஏதாவது போனால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். இவ்வளவுதான் அவள் சொன்னது. எப்படிப் போனால் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

வைகாசியில் ஷஹனாஸுக்குச் சின்னம்மை போட்டது. ஹுமைரா வேலைக்குப் போகவில்லை, எளாவூருக்கும் போகவில்லை. நாலைந்து நாள் விடாமல் கோடை மழை அடித்தது. அது ஓய்ந்து கொஞ்ச நாளில் ஜோதிலட்சுமி போன் செய்தாள்.

"அக்கா, மண்ணு போவுது. ரெண்டு கம்பி போயே போச்சு."

"எவ்ளோ போயிருக்கும் ஜோதி?"

"மொழங்கால் அளவுக்குப் போய்டுச்சிக்கா."

அவள் குரல் கம்மியிருந்தது. ஹுமைரா அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். அவளுக்குத் தலை கால் புரியவில்லை. சமதரையில், நெல் விளையும் பூமியில், கோடை மழை முழங்கால் ஆழம் மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. கம்ப்யூட்டர் அந்த இடத்தில் ஒன்றுமே போகாது என்று சொல்லியிருந்தது. கம்ப்யூட்டரைப் பொய்யாக்குகிற ஒரு கழனி கிடைத்துவிட்டதே என்று அவள் மகிழ்ந்துபோனாள். ஒருத்தியின் நிலம் போகிறது என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோமே என்பது பிற்பாடு எப்போது நினைத்தாலும் அவளுக்குக் கூசும்.

ஆனால் அவள் மேல் முழுப் பழியும் போட முடியாது. பழவேற்காட்டில் மண்ணு போவுது என்றால் கடல் தின்கிறது, ஏரி இழுக்கிறது என்று அர்த்தம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுப் பின்னால் ஒரு மணல்மேடு இருந்தது. ஒரு புயலுக்கு மறுநாள் காலையில் பார்த்தால் அது இல்லை. யாரும் எடுத்துப் போகவில்லை. அது போயிற்று, அவ்வளவுதான். அந்த ஊரில் மண்ணுக்குத் தானாகவே கால் உண்டு. பிறந்த ஊர்ச் சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்ச் சொல்லுக்கு அர்த்தம் பண்ணிவிட்டாள்.

ஆரோக்கியமேரிக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. எளாவூரில் ஏது சரிவு என்று கேட்டார். ஹுமைரா மழையைச் சொன்னாள், கம்பி அடித்துக்கொண்டு போனதைச் சொன்னாள், மூச்சு விடாமல் பேசினாள். சரி, குழந்தைக்கு உடம்பு தேறியதும் போய்ப் போட்டோ எடுத்து வா என்று சொல்லிவிட்டு அவர் படத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். திருவள்ளூர் மாவட்டத்துப் பச்சைக்கு நடுவில் அது குங்குமம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

அதே நாட்களில் அஃப்தாப் வேலை முடிந்து கவரைப்பேட்டை வழியாக வந்து, மண் வருகிறது ஹுமைரா, நல்ல மண், கறுப்பு மண், லாரி லாரியாக வருகிறது என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்வான். அவளும் மகளுக்கு வேப்பிலையால் வருடிவிட்டபடியே கிழக்கு ஜன்னலை நினைத்துக்கொள்வாள். ஒரு காதில் மண் போகிறது, இன்னொரு காதில் மண் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. கனவு காண்கிறவர்கள் இப்படித்தான். தூரத்தில் இருப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும், மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது.

ஆனியில் எளாவூருக்குப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியே நடந்து போனவளுக்கு இடம் தவறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. கழனி இருந்த இடத்தில் கழனி இல்லை. சீராக வெட்டி எடுத்த ஒரு பள்ளம் இருந்தது. ஓரங்கள் கத்தியால் அறுத்த மாதிரி செங்குத்தாக நின்றன. அடியில் வெளிறிப்போன மண்ணும், லாரி டயர்த் தடங்களும், தடங்களில் தேங்கிய தண்ணீரும். கம்பிகளில் ஒன்றுகூட இல்லை. பள்ளத்துக்குள் நாரை ஒன்று, இது என்றைக்கும் என் குளம்தான் என்பது போல நின்றுகொண்டிருந்தது. மழை இப்படி வெட்டாது. எந்த நாட்டு மழையும் இப்படி வெட்டாது.

ஜோதிலட்சுமி வந்தாள். வந்தவள் ஹுமைராவின் முகத்தைத்தான் பார்த்தாள், பள்ளத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான் சொன்னேனேக்கா, மண்ணு போவுதுன்னு."

"மழைல போவுதுன்னு நெனச்சேன் ஜோதி."

"மழைல எங்கனா மண்ணு போவுமா? லாரிலதான போவும்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் மண் போவது என்றால் அது ஒன்றுதான், வேறு அர்த்தம் கிடையாது. அதற்கப்புறம் அவள் நடந்ததைச் சொன்னாள். மேற்குப் பக்கத்துக் கழனிக்காரர் முதலில் மண்ணை விற்றார். பிறகு தெற்குப் பக்கத்துக்காரர். பொக்லைன் இயந்திரம் வந்து இரண்டு கழனியையும் இறக்கிவிட்டது. நடுவில் இவர்களுடையது மட்டும் மேடாக நின்றுபோனது. கால்வாய்த் தண்ணீர் ஏறாது. பெய்கிற மழையும் நிற்காமல் பக்கத்துப் பள்ளத்துக்கு ஓடிவிடும். மேட்டில் நெல் நட்டு என்ன செய்வது? நாமும் இறக்கினால்தான் தண்ணீர் நிற்கும் என்று குணா சொன்னான். இவள் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள், கடைசியில் விட்டுவிட்டாள். ஓரடி எடுப்போம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் கேட்பாரில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது குணா தொழிற்பேட்டையில் ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போகிறான்.

"நீ கேட்டுக்கினியேன்னுதான் போன் பண்ணேன். நீ வந்து அவங்க கைல ஏதாச்சும் பேசுவேன்னு நெனச்சிக்கினேன்" என்றாள் ஜோதிலட்சுமி.

அப்போதுதான் ஹுமைராவுக்கு உறைத்தது. அவள் அன்றைக்கு உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். இவளோ முழங்கால் அளவு என்பதை எழுதிக்கொண்டு சந்தோஷமாகப் போனை வைத்திருக்கிறாள்.

மண் எங்கே போனது என்று மெல்லக் கேட்டாள். கவரைப்பேட்டையில் மனைக்கு அடிக்கிறார்களாம் என்றாள் ஜோதிலட்சுமி.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் கனவு வரவில்லை. கவரைப்பேட்டையில் இறங்கி நேராக மனைக்குப் போனாள். அங்கே அஃப்தாப் மண்மேட்டின் மேல் ஏறி நின்று, எதையோ கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அவளைக் கூப்பிட்டான். மஞ்சள் முனைக் கம்பி. கொஞ்சம் வளைந்திருந்தது. அரத்தால் அவன் இழுத்த கோடு அப்படியே இருந்தது. நம் கம்பி நம்மைத் தேடி வந்துவிட்டது பார் என்று அவன் அதை ஒரு நல்ல சகுனமாகத்தான் சொன்னான். அவள் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. நாம் திருடவில்லையே, விலை கொடுத்துத்தானே வாங்கினோம் என்றான். பிறகு, வேறு எங்கிருந்து மண் வரும் என்று நினைத்தாய் என்று கேட்டான். உலகத்து மண்ணெல்லாம் போகிற வழி அவளுக்குத் தெரியும். தன் வீட்டுக்கு மண் வருகிற வழியைத்தான் அவள் யோசித்ததே இல்லை.

மறுநாள் ஆரோக்கியமேரியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, சிவப்புப் புள்ளியைத் தொட்டு அழித்தார். அந்த இடம் மறுபடி பச்சையானது.

"தண்ணி கரைச்சா அரிப்பு, காத்து அடிச்சா அரிப்பு. லாரிக்கு இதுல கட்டம் இல்ல ஹுமைரா."

"அப்ப அந்த மண்ணு போகலையா மேடம்?"

"போச்சு. நம்ம கணக்குல போகல." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அடிக்குறிப்பாக எழுதித் தா, போடச் சொல்கிறேன் என்றார் பிறகு. ஹுமைரா எழுதினாள். அச்சில் வந்தபோது அது இருந்தது, கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவில்.

இத்தனைக்குப் பிறகும் வீடு கட்ட வேண்டும். ஐப்பசி யாருக்காகவும் காத்திருக்காது. அஃப்தாப் அவசரப்பட்டான், மேஸ்திரி சடையப்பனோ ஆடி போகட்டும் பாய் என்றுவிட்டார். வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்கு ஆடி பார்க்கிற பழக்கம் இல்லை, கட்டித் தருகிறவருக்கு உண்டு. அந்த ஆடியில் நல்ல மழை பெய்தது. மழை விட்ட ஒரு காலையில் மனையைப் பார்க்கப் போன ஹுமைரா, தெரு முனையிலேயே நின்றுவிட்டாள்.

மனை பச்சையாக இருந்தது. கம்ப்யூட்டர் காட்டுகிற பச்சை இல்லை, நிஜப் பச்சை. கிட்டே போய்ப் பார்த்தாள். கோரையும் அறுகும் ஊடே இருந்தன. ஆனால் பெரும்பங்கு நெல். போன அறுவடையில் எளாவூர்க் கழனியில் உதிர்ந்த மணிகள், மண்ணோடு லாரியேறி வந்து, இங்கே கொட்டப்பட்டு, மழை கண்டதும் முளைத்திருந்தன. காற்று வரும்போது எல்லாம் ஒருசேரச் சாய்ந்து நிமிர்ந்தன. சுற்றிலும் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள், மின்கம்பம், பாதி எழுந்த வீடுகள். நடுவில் ஒரு துண்டு எளாவூர். இது கனவா என்று ஹுமைரா குனிந்து ஒரு தாளைத் தொட்டாள். ஓரம் கையைச் சுரண்டியது. மனசு நிறைந்து ததும்பியது, கூடவே பயமாகவும் இருந்தது. இதன் மேல் கடப்பாரை போடச் சொல்ல அவள் வாயால் முடியாது. போடாவிட்டால் வீடு இல்லை. மறுபடி அந்த அறை, அந்தக் கட்டில், அந்தத் தண்ணீர்.

பத்து நாள், பதினைந்து நாள் என்று தள்ளிப்போட்டாள். ஆவணி பிறந்து மேஸ்திரி நாள் குறித்த பிறகுதான் மனசு கேட்காமல் போன் செய்தாள். உங்கள் மண் எங்கள் மனையில்தான் கிடக்கிறது ஜோதி, அதில் நெல் முளைத்திருக்கிறது, நாளைக்கு வேலை தொடங்குகிறார்கள் என்றாள். மறுபக்கம் லாரிச் சத்தம் கேட்டது. பிறகு, வரேன் என்ற ஒரே சொல்.

மறுநாள் காலையில் சடையப்பன் ஆட்களோடு வந்து, கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டுவதை அவர்கள் வானம் எடுப்பது என்பார்கள். எந்த மூலையிலிருந்து வானம் எடுக்கட்டும் என்று மேஸ்திரி கேட்க, அஃப்தாப் ஹுமைராவைப் பார்க்க, அப்போது ஜோதிலட்சுமி வந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். கையில் ஒரு காலி சாக்கு. நேராகப் பயிருக்குள் இறங்கி நடந்தாள். மனையைச் சுற்றி வந்தாள். பிறகு நடுவில் நின்று, குனிந்து, ஒரு கை மண்ணை அள்ளினாள்.

சடையப்பன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வயிறெரிந்த ஒருத்தி அவளுடைய மண்ணையே வாரித் தூற்றிச் சாபமிட்டால் அந்த இடத்தில் எந்த வீடு நிற்கும்? ஹுமைரா முன்னால் போய் நின்றாள். தூற்றுவதானால் என் தலையில் தூற்றட்டும், பிள்ளை குடியிருக்கப் போகிற இடத்தில் வேண்டாம் என்று நினைத்தாள்.

"இது உன் மண்ணு ஜோதி. தெரியாம வாங்கிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா?"

ஹுமைரா பொய் சொல்ல நினைத்தாள், வரவில்லை. "வேற மண்ணு வாங்கியிருப்பேன். அதுவும் யாரோட கழனியோதான்."

ஜோதிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை விரித்து, உள்ளங்கையில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் நசுக்கினாள், முகர்ந்தாள். மேல் மண்ணுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, பிடி மண்ணைப் பயிரின் அடியிலேயே போட்டாள், தூற்றவில்லை.

"நீ ஊடு கட்டுக்கா. புள்ளய வெச்சிக்கினு இன்னும் ஒரு மழைக்கு எங்க போவ" என்றாள். "இது நாத்துப் பருவம். பிடுங்கிக்கினு போயி நட்டுக்கறேன். மத்தியானம் வரிக்கும் வானம் எடுக்க வேணாம்னு மேஸ்திரி கைல சொல்லு."

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சடையப்பன் கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டு ஆட்களை நாஷ்டாவுக்கு அனுப்பினார். ஜோதிலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் பள்ளத்தில், வெறும் அடிமண்ணில் பயிர் பிடிக்குமா என்று ஹுமைரா கேட்டாள். பிடிக்கிற வரைக்கும் பிடிக்கட்டும், தண்ணீர் இப்போது நிற்கிறது, அதுதானே வேண்டும் என்று இறக்கினோம் என்றாள் அவள். அதில் கசப்பு இருந்தது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

ஹுமைராவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்றுப் பறிக்கிறவர்களை ரயில் ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். கைப்பிடி நாற்றைப் பிடுங்கி, வேரைக் காலில் படபடவென்று தட்டி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் கட்டுவார்கள். மண் ஒட்டியிருந்தால் கட்டு கனக்கும், தூக்க முடியாது. இவளும் ஒரு பிடி பிடுங்கி, பார்த்த பழக்கத்தில் பாதத்தில் தட்டப் போனாள்.

ஜோதிலட்சுமி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதக்கா. மண்ணோட வெய்யி."

அப்போதுதான் ஹுமைரா பார்த்தாள். அதுவரை ஜோதிலட்சுமி பிடுங்கி வைத்திருந்த ஒரு கட்டிலும் அவள் மண்ணை உதிர்த்திருக்கவில்லை. ஒவ்வொரு வேரிலும் கறுப்பாக, ஈரமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு மண் ஒட்டியிருந்தது. இரண்டு பேரும் மண்ணோடு பிடுங்கினார்கள். மத்தியானத்துக்குள் சாக்கு நிறைந்துவிட்டது. ஜோதிலட்சுமியால் தனியாகத் தூக்க முடியவில்லை. மேஸ்திரியிடம் வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டு, ஹுமைரா சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவருமாக அதை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.